ஒரே ஊர், ஒரே மைதானம், இரண்டு அணிகள்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

விகன்வாசி எழுதியது:

வடமேற்கு இங்கிலாந்திலுள்ள விகனில் கால்பந்து அணியான அத்லெட்டிக்கும் ரக்பி லீக் அணியான வாரியர்ஸும் ஒரே மைதானத்தில் ஆடுகின்றன; ஊர்க்காரர்களில் பலர் இரண்டில் ஒன்றைத்தான் தங்கள் அணி என்பார்கள். மருத்துவமனைப் பணிக்காக நான் 2012 செப்டம்பரில் அந்த ஊருக்குக் குடிபோனேன். எட்டு மாதம் கழித்து, 2013 மே 11 அன்று, லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்தி அத்லெட்டிக், இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் பென் வாட்சன் தலையால் முட்டிப் போட்ட அந்த கோலை நான் வரவேற்பறையில் தனியாக நின்றுகொண்டு பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ரவா கேசரி கிளறி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போனேன். அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். ஊரே கொண்டாடும்போது அவரும் கொண்டாடுவார் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. கதவைத் திறந்தவரிடம் கிண்ணத்தை நீட்டி, "கோப்பைக்கு வாழ்த்துகள்" என்றேன். அவர் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அதன் சூடு கையில் பட்டிருக்க வேண்டும், ஒரு முறை கீழே பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கும் என் வாழ்த்துகள். அது நல்ல கோப்பை" என்றார். உங்களுக்கு! வந்து எட்டே மாதமான என்னிடம், அந்தக் கோப்பை என் வீட்டுக்கு வந்தது போலவும், தாம் வெளியூரிலிருந்து விசாரிக்க வந்தவர் போலவும் சொன்னார். அவருக்குப் பின்னால், நடைவழியில், வாரியர்ஸின் நிறங்களான செர்ரிச் சிவப்பும் வெள்ளையும் கலந்த கழுத்துத்துணி ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அவர் சொன்னது கிண்டலா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஹம்பர்க்கரை எழுதியது:

ஹல் நகரில் முதுகலை படித்த காலத்தில், கால்பந்து அணியான ஹல் சிட்டியும் ரக்பி அணியான ஹல் எஃப்சியும் பகிர்ந்துகொள்ளும் அந்த மைதானத்தில், தேநீரும் 'பை' என்னும் இறைச்சிப் பணியாரமும் விற்கிற கடையில் பகுதிநேரமாக நின்றேன். வெள்ளிக்கிழமை இரவு ஹல் எஃப்சியின் கறுப்பு வெள்ளைக் கூட்டம், சனிக்கிழமை பிற்பகல் ஹல் சிட்டியின் கறுப்பு மஞ்சள் கூட்டம் என்று சில வாரங்கள் அமையும். இரண்டு நாளும் வருகிற முகங்கள் நிறைய உண்டு. ஊரின் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் ஆற்றுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குத்தான், ஏனென்றால் அவர்களுக்குக் கால்பந்தில் ஹல் சிட்டி, ரக்பியில் ஹல் எஃப்சியின் எதிரணியான ஹல் கேஆர், அதாவது ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ்.

சனிக்கிழமைதோறும் என்னிடம் பால் கலக்காத தேநீர் வாங்குகிற ஒருவர், ஊரின் இரண்டு ரக்பி அணிகளும் மோதுகிற ஒரு டெர்பி நாளில் விருந்தாளிகளுக்கான பகுதியில், தலை முதல் கால் வரை ரோவர்ஸின் சிவப்பு வெள்ளையில் வந்து நின்றார். அன்றைக்கு என்னையும் அந்தப் பக்கத்துக் கடைக்கு மாற்றியிருந்தார்கள். வழக்கம்போலத் தேநீர் கொடுத்தேன். அவர் கோப்பையைச் சுற்றியிருந்த, ஹல் எஃப்சியின் சின்னம் போட்ட அட்டை வளையத்தைக் கிழிக்காமல், கசக்காமல், மெல்லக் கீழ்வழியாக உருவி, மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கொதிக்கிற காகிதக் கோப்பையை வெறும் விரல்களால் பிடித்துக்கொண்டு போனார். "சொந்த வீட்டிலேயே இன்று விருந்தாளி" என்று மட்டும் சொன்னார். விரல் சுட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த சனிக்கிழமை அதே மனிதர் அதே மைதானத்தில் கறுப்பு மஞ்சளில் வந்து, ஒன்றும் நடவாதது போல, சர்க்கரை கேட்டார்.

விகன்வாசி அவர்களே, உங்கள் பெரியவர் செய்தது கிண்டல் அல்ல என்றே நினைக்கிறேன். என் தேநீர்க்காரரைப் போல, தமக்குரியது அல்லாததைத் தொடாமல் திருப்பி வைத்தார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே எழுதிய இருவரும் ஒரு பகையை ஊதிப் பெரிதாக்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. விகனில் நான் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தேன். டேவ் வீலன் 1995-ல் அத்லெட்டிக்கை வாங்கினார். 1999-ல் இரண்டு அணிகளும் அவர் கட்டிய அதே மைதானத்துக்குக் குடிபெயர்ந்தன. சில காலம் இரண்டுமே அவர் கையில் இருந்தன. பிறகு பிரிந்தவை, 2023-ல் மைக் டான்சன் வழியாக மறுபடியும் ஒரே உரிமையாளரிடம் சேர்ந்துவிட்டன. பகை என்றால் இப்படி நடக்குமா? அங்கே நிலவுவது பகை அல்ல, மூத்தவன் இளையவன் வரிசை. வாரியர்ஸ் 1872-ல் தொடங்கியது. நகரின் பழைய கால்பந்து அணியான விகன் பரோ 1931-ல் பருவத்தின் நடுவிலேயே கால்பந்து லீக்கை விட்டு விலகிக் கலைந்தது. மறு ஆண்டு பிறந்த அத்லெட்டிக் லீக்கில் நுழையவே 1978 ஆயிற்று. அதற்குள் ரக்பி அணிக்கு நூறு வயது கடந்துவிட்டது. தாத்தா எந்த மைதானத்துக்குத் தோளில் தூக்கிப்போனாரோ அங்கேதான் பேரனின் மனம் நிற்கும். இதில் வியக்க ஒன்றுமில்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமானது. 2020 ஜூலையில் அத்லெட்டிக் திவாலாகி நிர்வாகிகளிடம் போனபோது ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டினார்கள். எங்கள் அலுவலகத்தில், கால்பந்தைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிற வாரியர்ஸ் சந்தாதாரர் ஒருவர் இருந்தார். மதிய இடைவேளையில் என் மேசைக்கு வந்து, அந்தப் பக்கத்தை எப்படித் திறப்பது என்று கேட்டு, ஐம்பது பவுண்டு கட்டினார். நன்கொடையாளர் பெயர் என்று கேட்ட கட்டத்தில் தம் பெயரைத் தட்டாமல் "சென்ட்ரல் பார்க்" என்று தட்டினார். 1999-ல் இடிக்கப்பட்ட பழைய ரக்பி மைதானத்தின் பெயர் அது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பருவத்தில், நிர்வாகிகளிடம் போனதற்காக 12 புள்ளிகள் கழிக்கப்பட்டிராவிட்டால் 13-ஆம் இடத்தில் முடித்திருக்க வேண்டிய அணி, 23-ஆம் இடத்துக்குப் போய்க் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அதற்குச் சில நாள் முன்புதான், கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில், ஹல் சிட்டியை 8-0 என்று அடித்திருந்தார்கள். ஹம்பர்க்கரை அவர்கள் அதைக் குறிப்பிட மறந்துவிட்டார் போலும்.

ஹம்பர்க்கரை எழுதியது:

மறக்கவில்லை ஐயா. இடைவேளையிலேயே 7-0 ஆகியிருந்ததும், அந்த ஆண்டு எங்களவர்கள் உங்களுக்கும் கீழே கடைசி இடத்தில் முடித்ததும் நன்றாகவே நினைவிருக்கின்றன. 2013 ஆகஸ்டில் ரக்பி லீக்கின் சாலஞ்ச் கோப்பை இறுதியில் வாரியர்ஸ் ஹல் எஃப்சியை 16-0 என்று வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பையும் ரக்பி லீக் கோப்பையும் ஒரே ஊரில் இருந்தன. ஆனால் உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பகையே இல்லாத இடத்தில் நன்கொடை கொடுக்கிறவர் ஏன் இடிந்த மைதானத்தின் பெயரை எழுத வேண்டும்?

யார்க்ஷயர் மருமகள் எழுதியது:

எங்கள் ஊர் ஹடர்ஸ்ஃபீல்ட். இங்கே நிலைமை தலைகீழ். என் மகனின் பள்ளியில் ஒரு நாள், பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த அணியின் சட்டையைப் போட்டு வரலாம் என்றார்கள். கால்பந்து அணியான ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன், 2017-ல் ரெடிங்கைப் பெனால்டியில் வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியிருந்த நேரம். வகுப்பு முழுக்க நீல வெள்ளைக் கோடுகள். என் மகன் மட்டும் மாமனார் வாங்கித் தந்த ஜயன்ட்ஸ் ரக்பி சட்டையில், கருஞ்சிவப்பும் பொன்னிறமுமாகப் போனான். மாலையில் வந்தவன் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, இது எந்த நாட்டுச் சட்டை என்று ஒருவன் கேட்டான்" என்றான். வேலை நாளில் விளையாடப் போவதால் தொழிலாளிகள் இழக்கிற கூலியை ஈடுகட்டுவது பற்றிய சண்டையில் வடக்கு ரக்பி அணிகள் 1895-ல் பிரிந்துபோய், இந்த ரக்பி லீக் ஆட்டத்தையே தொடங்கிய விடுதி, அந்தப் பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. மாமனாரிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

விகன்வாசி தம்பி, நீங்கள் யோசனை கேட்கவில்லைதான். ஆனாலும் இப்படிப்பட்ட ஊர்களுக்கு இன்னும் நம்மவர்கள் வந்துகொண்டிருப்பதால் சொல்கிறேன். முதலாவதாக, வடக்கே எந்த ஊருக்குப் போனாலும், கோப்பையைப் பற்றி வாய் திறப்பதற்குமுன் வீட்டின் நடைவழியைப் பாருங்கள்; துணி எந்த நிறமோ பேச்சும் அந்த நிறம். யாராவது உங்களிடம் "நீங்கள் எந்தப் பக்கம்" என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "இன்னும் ஆட்டம் பார்க்கவில்லை, எதை முதலில் பார்க்கலாம்" என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்த அரை மணி நேரம் அவர்களே பேசுவார்கள், பெரும்பாலும் தேநீரும் கிடைக்கும். ரக்பி என்று பொதுவாகச் சொன்னால் இந்த ஊர்களில் பதின்மூன்று பேர் ஆடுகிற லீக்தான்; பதினைந்து பேர் ஆடுகிற யூனியனை மனத்தில் வைத்துக்கொண்டு இரு அணியினரும் தோள் கோத்துத் தள்ளுகிற ஸ்க்ரம்மைப் பற்றிப் பேசினால் முகம் சுருங்கிவிடும். ஆறு முறை பிடிபட்டால் பந்து கைமாறும் என்ற ஒரே விதி தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித் தருவார். புனித வெள்ளி அன்று விகன்காரரையோ செயின்ட் ஹெலன்ஸ்காரரையோ வீட்டுக்கு விருந்துக்கு அழைக்காதீர்கள், அன்று அந்த இரண்டு பக்கத்து ஊர் ரக்பி அணிகளும் மோதுவது வழக்கம்; 1959-ல் அப்படிப்பட்ட ஆட்டத்தைச் சென்ட்ரல் பார்க்கில் 47,747 பேர் பார்த்தார்கள், மிச்சமிருப்பவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது டெஸ்கோ கடை இருக்கிறது. அங்கே ரொட்டி அடுக்கு முன்னால் நின்று, தாம் பழைய இருபத்தைந்து கெஜக் கோட்டின்மேல் நிற்பதாகச் சொல்கிற மனிதரைப் பார்த்தால் சிரிக்காதீர்கள், கோடு எந்தப் பக்கத்தது என்று கேளுங்கள். கடைசியாக, கேசரியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொடுக்காதீர்கள்; திரும்பி வராது.

புல்தரை எழுதியது:

ஒரே ஒரு காட்சி. பகிரப்படும் மைதானம் ஒன்றில் மின்பணி பார்த்தபோது, வெள்ளிக்கிழமை இரவு ரக்பி முடிந்ததும், பராமரிப்பாளர் ஒருவர் வெள்ளைக் கோடுகளின்மேல் பச்சைச் சாயம் அடித்து மறைத்துக்கொண்டே போனதைப் பார்த்தேன். மறுநாள் கால்பந்து. ரக்பி பருவம் 1996-ல் கோடைக்கு மாறிய பிறகும் இரண்டு ஆட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதங்கள் இருக்கின்றன. எவ்வளவு அடித்தாலும் புல்லின் பச்சை வேறு, சாயத்தின் பச்சை வேறு. மேலடுக்கிலிருந்து பார்த்தால் இரண்டு ஆட்டங்களின் கோடுகளும் தெரிந்தன. "தரையைக் கெடுப்பது யார்" என்று அவரிடம் கேட்டேன். "எந்த நாளில் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது" என்றார்.

விகன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கிண்ணம் திரும்பி வந்தது. கோப்பையை வென்ற மூன்றாம் நாள், செவ்வாய் இரவு, ஆர்செனலிடம் 4-1 என்று தோற்று அத்லெட்டிக் பிரீமியர் லீக்கை விட்டு இறங்கியது. புதன் காலையில் கிண்ணம் கழுவித் துடைத்து என் வாசற்படியில் இருந்தது. அழைப்பு மணியை அவர் அடிக்கவில்லை. அன்றைக்கு என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். அதனால் ஹம்பர்க்கரை சொல்வது சரியாக இருக்கக்கூடும். கணக்குப்பிள்ளை ஐயா சொல்லும் மூத்தவன் இளையவன் வரிசையும் எனக்குப் புரிகிறது, ஆனால் மூத்தவனுக்கு உரியதை இளையவன் வீட்டார் செய்ய வேண்டுமல்லவா.

நான் முதலில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் 24 சனிக்கிழமை வாரியர்ஸ் வெம்ப்லியில் வென்றபோது நான் இரவுப் பணிக்காகப் பகலில் உறங்கிக்கொண்டிருந்தேன். ஆட்டம் நடந்ததே எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு வீடு திரும்பியபோது பெரியவர் தம் வாசல் கதவின் அருகே, அந்தச் செர்ரிச் சிவப்புத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். கோடைக்காலம், துணி தேவைப்படுகிற குளிர் இல்லை. கையில் வேலை எதுவும் இல்லை. நான் காரைப் பூட்டிவிட்டு வருகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றேன். "வரலாம்" என்றார். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.