புதுப்பிப்பு: மனைவியின் முழங்கால் வலி, சைக்கிள் சீட்டு, நேற்றைய ஞாயிறு

சைக்கிளில் பாதி வழி போவதற்குள் மனைவிக்கு முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். சீட்டை உயர்த்தச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை வைத்துப் பார்த்தோம். கால் நன்றாக மடங்கியே இருந்தது. அது நேராகும் வரை, சீட்டை இரண்டு விரல்கடை ஏற்றினோம். அவ்வளவுதான்! நேற்று திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினோம், வலியே இல்லை.

அப்புறம் சாயங்காலம் 2025 மகளிர் உலகக் கோப்பை கிரிக்கெட்டில் இந்தியா–தென்னாப்பிரிக்கா இறுதிப் போட்டி. மழையால் தாமதமாகி ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது. 101 ரன் எடுத்திருந்த தென்னாப்பிரிக்க கேப்டன் வோல்வார்ட் தூக்கி அடித்த பந்து நம்ம அமன்ஜோத் கையில் துள்ளித் துள்ளிக் கடைசியில் நின்றபோது, மனைவி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 52 ரன்னில் இந்தியாவுக்கு வெற்றி. நள்ளிரவுக்கு மேல் இருவருக்கும் கண்ணீர்.