ஜூன் மாசம் சுவிஸ் மலை கிராமம், வயசான அம்மா அப்பாவோட: எங்க தங்கலாம்?

ஜூன் கடைசில ஃபேமிலியா போறோம், அம்மாவுக்கு முட்டி வலி, பசங்களுக்கு 7, 10 வயசு. லாட்டர்புருன்னன், வெங்கன், மூரன் மூணுல எது நல்லதுன்னு போயிட்டு வந்தவங்க சொல்லுங்களேன்.

பதில்:
வெங்கன் எடுங்க சகோ. கார் கிடையாது, பசங்கள தெருவுல தைரியமா விடலாம், லாட்டர்புருன்னன்ல இருந்து பல்சக்கர ரயில்ல கால் மணி நேரம்தான். மூரன் இன்னும் அமைதி, ஆனா கேபிள் கார் ஏறி அப்புறம் குட்டி ரயில் மாறணும், பெட்டி, பசங்க, அம்மா எல்லாரையும் வச்சுக்கிட்டு அது சிரமம். ரூம் புக் பண்ணும்போது ஸ்டேஷன்ல இருந்து ஏத்தமான்னு கட்டாயம் கேளுங்க, மேப்புல பக்கமா தெரியும், ஆனா அம்மா முட்டிக்கு அந்த ஏத்தம் ஆகாது.

பதில்:
பசங்க இலவசமா ரயில்ல போறதுக்கான ஸ்விஸ் ஃபேமிலி கார்டு மறக்காதீங்க, பசங்களோட அப்பா அம்மா யாராவது ஸ்விஸ் டிராவல் பாஸ் (ரயில், பஸ்ஸுக்கு சேர்த்து ஒரே டிக்கெட்) எடுத்து கூட வந்தா 6லருந்து 15 வயசு வரைக்கும் பசங்களுக்கு அந்த கார்டு இலவசம். ரயில்லயே போற பனிமலை உச்சி ஸ்டேஷன் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம், பெரியவங்களுக்கு மூச்சு வாங்கும், முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அதுக்கு பதிலா வெங்கன்ல இருந்து கேபிள் கார்ல மேன்லிஹன் மலைக்குப் போங்க, ஐகர் மலை அப்படியே எதிர்ல நிக்கும், அம்மா பெஞ்சுல உக்காந்தே பாக்கலாம்.

பதில்:
சமையல் வசதி உள்ள அபார்ட்மென்ட் பாருங்க, ஹோட்டல் சாப்பாடு செம காஸ்ட்லி. அரிசி, பால், தயிர் எல்லாம் கோஆப்ங்கிற சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கும். புளி, சாம்பார் பொடி மட்டும் இங்கருந்தே கொண்டு போங்க.