காது இரைச்சலுக்கு ஊர்வல ஸ்பீக்கர் பாக்ஸ் காரணமா?

குடியாத்தம் தறிவீடு:
ஆடியில் எங்கள் தெருவில் கூழ் ஊற்றிய அன்று, சாமி ஊர்வலத்தில் பாக்ஸ் வண்டிக்கு இடப்பக்கமாக மூன்று மணி நேரம் நடந்தேன். அன்றிரவே வலது காதில் ஙொய் என்று ஆரம்பித்தது. ஐந்து மாதமாகிறது. மார்கழிக் குளிரிலும் விசிறியை ஓடவிட்டுத்தான் படுக்கிறேன். நிறுத்தினால் தலைக்குள் சுவர்க்கோழி கத்துகிறது. காது டாக்டர் கேட்கும் திறன் சோதனையின் வரைபடத்தைக் காட்டினார். நேராக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலிப் பக்கம் பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறுகிறது. சத்தத்தால் கெட்ட காது இப்படித்தான் காட்டுமாம். ஊர்வலத்தில் பாக்ஸே வேண்டாம் என்கிறேன்.

ஆம்பூர் மைக்செட்:
அண்ணா, பழியை எங்கள் மேல் போடாதீர்கள். பதினெட்டு வருடமாக செட் போடுகிறேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்த காதை மூன்று மணி நேரமா கெடுத்தது? ஆடி மாத வேலைதான் எங்களுக்குச் சோறு.

காட்பாடி அக்கா:
தம்பி, நான் காதுப் பிரிவில் நர்ஸ். தறியும் சேர்ந்து கெடுத்திருக்கும், அதற்காக பாக்ஸ் தப்பிக்க முடியாது. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதி. 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். உட்காதில் சத்தத்தை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. அங்கிருந்து வர வேண்டிய சத்தம் வராததால் மூளை தானாக வால்யூமைத் திருகுகிறது, அதுதான் இரைச்சல். வேலை முடிந்து வரும்போது உங்களுக்குக் காது அடைக்குமா?

ஆம்பூர் மைக்செட்:
அடைக்கும். காலையில் சரியாகிவிடும். நான் பின்னால் ஜெனரேட்டர் பக்கம்தான் நிற்பேன். வால்யூமைக் கூட்டு கூட்டு என்பது விழாக் குழு. குறைத்தால் அடுத்த வருடம் வேறு செட்டைக் கூப்பிடுவார்கள்.

காட்பாடி அக்கா:
காலையில் சரியாவதை நம்பாதீர்கள். ஒருநாள் சரியாகாது.

குடியாத்தம் தறிவீடு:
இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்தாயிற்று. அதைக் காட்டிக் குழுவிடம் பேசலாமே தம்பி. சரி, பாக்ஸே வேண்டாம் என்றதை விடுகிறேன். வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டி ஆளை விலக்குங்கள். அன்றைக்கு என் தோளில் நாலு வயது மகள் இருந்தாள். காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாமி தெரியவில்லை என்று அழுகிறாள் என நினைத்து இன்னும் முன்னால் தூக்கிப் போனேன்.

ஆம்பூர் மைக்செட்:
பாப்பாவுக்குக் காது பார்த்தீர்களா அண்ணா? கயிறு நான் கட்டுகிறேன். வால்யூமுக்கு நீங்கள்தான் குழுவிடம் வர வேண்டும், நான் சொன்னால் எடுபடாது.