9,500 என்று சொல்லி 29,040-க்கு பில்: பணம் கட்டாமல் காரைத் தர மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். திருச்சி ஸ்ரீரங்கத்தில் இருந்து எழுதுகிறேன். 2015 மாடல் வேகன் ஆர் வி.எக்ஸ்.ஐ., பெட்ரோல். 88,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, டயாலிசிஸ். அதற்காகவே வைத்திருக்கும் வண்டி. நான்தான் ஓட்டுவேன்.

ஒரு மாதமாக முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறியது. மாம்பழச்சாலை சிக்னலில் நின்று கிளம்பினால் பின்சீட்டில் இருக்கும் அப்பாவின் தலை ஆடும் அளவுக்கு உதறல். பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு வொர்க்ஷாப்பில் காட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு கிளட்ச் போய்விட்டது என்றார்கள். "கிளட்ச் செட், லேபர், கியர் ஆயில் எல்லாம் சேர்த்து 9,500 ஆகும்" என்று வாட்ஸாப்பில் அனுப்பினார் அங்கே இருந்த சூப்பர்வைசர். அந்த மெசேஜ் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் வண்டியைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி இருக்கிறது, திங்கள் இரவுக்குள் கட்டாயம் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். சரி என்றார்கள்.

திங்கள் போய், செவ்வாய் போய், ஒரு வாரம் போனது. "பார்ட்ஸ் வரவில்லை", "லேத்துக்குப் போயிருக்கிறது", "நாளைக்கு மதியம்". நடுவில் ஒரு நாள்கூட "இன்னும் சில வேலைகள் இருக்கின்றன, செய்யலாமா?" என்று யாரும் கேட்கவில்லை. மறு திங்கட்கிழமை பில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

கிளட்ச் செட் 5,600. லேபர் 3,000. கியர் ஆயில் 900. ஃப்ளைவீல் கடைசல் 1,800. இன்ஜின் மவுண்ட் இரண்டு 3,400. லோயர் ஆர்ம் இரண்டு 4,200. ஸ்பார்க் பிளக் நான்கு 1,200. பவர் ஸ்டீரிங் ஆயில் 750. ஜெனரல் சர்வீஸ் 2,800. இதர பொருட்கள் 960. கூட்டினால் 24,610. அதன் கீழே பேனாவில் "ஜி.எஸ்.டி. 18%" என்று எழுதி 4,430 சேர்த்து, மொத்தம் 29,040.

முதல் மூன்று வரிதான் நான் சொன்ன வேலை. அது சரியாக 9,500 வருகிறது. மற்றதெல்லாம் யார் கேட்டது என்றால், "பிரித்துப் பார்த்தால்தானே மேடம் தெரியும், உங்கள் சேஃப்டிக்காகத்தான் செய்தோம்" என்கிறார் முதலாளி. முழுப் பணமும் கட்டினால்தான் சாவி. கட்டாத ஒவ்வொரு நாளுக்கும் 300 ரூபாய் பார்க்கிங் வேறு சேருமாம்.

இன்றோடு பதினொரு நாள். நான்கு டயாலிசிஸுக்குக் கால் டாக்ஸியில் போய் வந்தோம், ஒரு தடவைக்கு 560 வீதம் 2,240 ரூபாய். பணம்கூடப் பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அப்பாவுக்கு உடம்பு துவண்டிருக்கும், ஊசி போட்ட கையை மடக்கக் கூடாது. போன சனிக்கிழமை டாக்ஸி வர நாற்பது நிமிடம் ஆனது. வாசல் பெஞ்சில் சுவரில் சாய்ந்தபடி, "நம்ம வண்டி எப்பம்மா வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

என் கேள்விகள்: அவர்கள் வண்டியைப் பிடித்து வைக்கலாமா? பணத்தைக் கட்டிவிட்டால் பில்லை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமா? இந்த பில்லில் எது நியாயம், எது இல்லை? எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எழுதியது:

அக்கா, நான் 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மதுரையில் சொந்தமாக சின்ன ஷெட். உங்கள் பில்லை வரிவரியாகப் பார்த்தேன்.

முதலில் அவர்கள் பக்கம் இருக்கக்கூடிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் கியரில் உதறினால் கிளட்ச் பிளேட் மட்டும் காரணமாக இருக்காது. கிளட்ச் பிளேட் அழுந்திச் சுற்றும் இரும்புச் சக்கரம்தான் ஃப்ளைவீல், சூடேறினால் அதில் நீலமாகத் திட்டு விழுந்திருக்கும். அதைக் கடையாமல் புது பிளேட் போட்டால் மறுபடி உதறும். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டின் ரப்பர் செத்திருந்தாலும் இதே உதறல்தான். கியர்பாக்ஸை இறக்கினால்தான் ஃப்ளைவீல் கண்ணுக்குத் தெரியும் என்பதும் உண்மை. ஆகவே ஃப்ளைவீல், மவுண்ட் இந்த இரண்டும் தேவையான வேலையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த நிமிடமே போனை எடுத்து உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். நான் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டு, பார்ட்டி "சரி" என்று பதில் அனுப்பும் வரை ஸ்பேனரைத் தொடமாட்டேன். வேலை அரை நாள் நிற்கும், நிற்கட்டும்.

இப்போது மற்ற வரிகள். உங்கள் வண்டியில் இருப்பது கே10 இன்ஜின், மூன்று சிலிண்டர். இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரு பிளக், அதாவது மொத்தம் மூன்று. நான்காவது பிளக்கை எங்கே மாட்டினார்கள்?

பவர் ஸ்டீரிங் ஆயில். வேகன் ஆரில் இருப்பது எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங், மோட்டார்தான் திருப்புகிறது. அதில் ஆயில் ஊற்ற டப்பாவே கிடையாது. பானெட்டைத் திறந்து, "எதில் ஊற்றினீர்கள், காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

லோயர் ஆர்ம் விஷயத்துக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். முன்சக்கரத்தை அடியில் வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கைதான் அது. கியர்பாக்ஸை இறக்க சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலை உருவ வேண்டும், அதற்கு லோயர் ஆர்ம் முனையில் உள்ள பால் ஜாயிண்ட் என்ற மூட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எப்படியும் கழற்றிய சாமான், அதனால் "மாற்றினோம்" என்று எழுதுவது சுலபம். உண்மையிலேயே இரண்டு பக்கமும் மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது, டயர் ஒரு பக்கமாகத் தேயும். உங்கள் பில்லில் அலைன்மென்ட் வரியே இல்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

தனியாகப் போகாதீர்கள், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய சாமான் எல்லாவற்றையும் கேளுங்கள். பழைய கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், மவுண்ட் இரண்டு, ஆர்ம் இரண்டு, பிளக். காசு கொடுத்து மாற்றினால் பழசு உங்களுடையது. லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். புது ஆர்ம் கறுப்பாகப் பளிச்சென்று இருக்கும். சேறும் துருவும் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் ஓடோமீட்டரையும் ஒரு போட்டோ.

கோர்ட் வாசல் எழுதியது:

வழக்கறிஞராக இருக்கிறேன், நுகர்வோர் வழக்குகளும் பார்க்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

வண்டியைப் பிடித்து வைக்கலாமா? ஓரளவுக்கு முடியும். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, ஒரு பொருளை வாங்கி அதில் உழைப்பும் திறமையும் செலுத்தியவர், கூலி வரும் வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி தரும் வரை நகைக்காரர் வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தச் சட்டத்திலேயே உள்ள உதாரணம். ஆனால் எந்த வேலைக்காகப் பொருள் கொடுக்கப்பட்டதோ அந்த வேலைக்கான கூலிக்குத்தான் இந்த உரிமை. நீங்கள் கொடுத்தது கிளட்ச் வேலைக்கு. கேட்காமல் செய்த வேலைக்கும் செய்யாத வேலைக்கும் சேர்த்து வண்டியைப் பிணையாக வைக்க முடியாது என்று வலுவாக வாதாடலாம். 300 ரூபாய் வாடகையும் அப்படித்தான். முன்கூட்டிப் பேசி நீங்கள் ஒப்புக்கொள்ளாத வாடகை அது.

பணம் கட்டினால் ஒப்புக்கொண்டதாகுமா? ஒன்றும் சொல்லாமல் கட்டினால் அப்படித்தான் வாதாடுவார்கள். அதனால் பில்லின் மீதே, "என் தந்தையின் சிகிச்சைக்கு வண்டி உடனே தேவைப்படுவதால், ஆட்சேபணையுடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதே வாக்கியத்தை அவர்கள் வாட்ஸாப் எண்ணுக்கும் அனுப்புங்கள். ரொக்கமாகத் தர வேண்டாம், வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கொடுங்கள்.

அடுத்து அந்தப் பேனா ஜி.எஸ்.டி. பில்லில் ஜி.எஸ்.டி. எண் அச்சிட்டிருக்கிறதா? பதிவு செய்யாதவர் வரி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது, ஜி.எஸ்.டி. சட்டம் 32-ஆவது பிரிவு. எண் இருந்தால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அடித்துப் பாருங்கள், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முறையான பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

வண்டியை எடுத்த பிறகு ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியுடன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் அவகாசம் கொடுத்து. பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், சில கடைகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள். டாக்ஸி ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், இழப்பீடு கேட்க அவை வேண்டும்.

வைகை மணல் எழுதியது:

அக்கா, ஒன்றே ஒன்று. கோபத்தில் வண்டியை அங்கேயே விட்டுவிடாதீர்கள். என் அண்ணன் இதே மாதிரி ஒரு தகராறில் "கேஸ் போட்டு எடுக்கிறேன்" என்று ஐந்து மாதம் விட்டுவிட்டார். கடைசியில் எடுக்கும்போது பேட்டரி செத்திருந்தது, ஒயரை எலி கடித்திருந்தது, டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகியிருந்தது. சண்டையை வண்டி வீட்டுக்கு வந்த பிறகு போடலாம்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஸ்பேனர் தம்பி, அந்த நான்காவது பிளக் வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். நாளை வியாழன், காலையில் டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை போகிறேன். எங்கள் தெருவில் முன்பு டிராவல்ஸ் வண்டிகள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக் மாமா இருக்கிறார், கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

காவிரிக்கரை எழுதியது (நான்கு நாள் கழித்து):

வண்டி வீட்டில் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

மாமா சத்தம் போடவில்லை. பானெட்டைத் திறந்து, "ஸ்டீரிங் ஆயில் டப்பா எங்கேப்பா இருக்கு?" என்று அங்கே வேலை செய்யும் பையனைக் கேட்டார். பையன் முதலாளி முகத்தைப் பார்த்தான். அப்புறம் பிளக்கைக் கழற்றச் சொன்னார். மூன்றும் பழசு, நுனி கறுத்துத் தேய்ந்திருந்தது. லிஃப்டில் ஏற்றியபோது இரண்டு லோயர் ஆர்மிலும் காய்ந்த சேறு அப்பியிருந்தது, போன மழையில் கொள்ளிடக்கரைப் பாதையில் போனபோது ஒட்டிய சேறு. ஐந்து போட்டோ எடுத்தேன். மவுண்ட் இரண்டும் புதுசுதான், பழசையும் கொண்டுவந்து காட்டினார்கள், ரப்பர் கிழிந்திருந்தது. ஃப்ளைவீல் கடைந்ததற்கு லேத் பட்டறைச் சீட்டு இருந்தது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. கேட்டதும், "சரி, அதை எடுத்துவிடுகிறேன்" என்று உடனே சொன்னார். பிளக், ஸ்டீரிங் ஆயில், லோயர் ஆர்ம், ஜி.எஸ்.டி. ஆகிய நான்கையும் அடித்த பிறகு 18,460. பார்க்கிங் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. ஜெனரல் சர்வீஸ் 2,800-ஐயும், இதர பொருட்கள் என்ற 960-ஐயும் மட்டும் விடவே இல்லை. என்ன சர்வீஸ் செய்தீர்கள் என்றால் பதில் இல்லை. இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால், சர்வீஸில் மாற்றியிருக்க வேண்டிய ஆயில் தார் மாதிரி கறுப்பு. மறுநாள் சனிக்கிழமை, அப்பாவுக்கு டயாலிசிஸ். கோர்ட் வாசல் ஐயா சொன்ன வாக்கியத்தை அப்படியே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, யு.பி.ஐ.யில் கட்டி வண்டியை எடுத்தேன். எழுதக் கூடாது என்று முதலில் தடுத்தார். மாமா, "பணம் வருது இல்ல, எழுதட்டும்" என்றார்.

உதறல் போய்விட்டது. கிளட்ச் வேலை நன்றாகவே செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கைவேலை தெரிந்தவர்கள், 9,500-க்கு மேல் ஃப்ளைவீலுக்கும் மவுண்டுக்கும் ஒரு போன் செய்து கேட்டிருந்தால் 14,700-ஐ நன்றி சொல்லிக் கொடுத்திருப்பேன்.

1915-இல் புகார் பதிந்துவிட்டேன், எண் வந்திருக்கிறது. நோட்டீஸில் ஜெனரல் சர்வீஸ், இதர பொருட்கள் இரண்டுக்கும் சேர்த்து 3,760 ரூபாயும், டாக்ஸிக்கு ஆனதும் கேட்கப் போகிறேன். போன வியாழனையும் சேர்த்து ஐந்து தடவை, 2,800. கோர்ட் வாசல் ஐயா, ஒரு சந்தேகம்: டாக்ஸி ரசீதில் இரண்டு அப்பா போன் நம்பரில் பதிவானவை. அவற்றையும் என் மனுவோடு இணைக்கலாமா, அல்லது அப்பாவும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டுமா? அவருக்கு இப்போது வலது கை கொஞ்சம் நடுங்குகிறது, அதனால்தான் கேட்கிறேன்.

கோர்ட் வாசல் எழுதியது:

அப்பா கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வண்டி உங்கள் பெயரில், பணம் கட்டியது நீங்கள் என்றால் மனுதாரர் நீங்கள் மட்டும் போதும். அந்த இரண்டு பயணமும் அவருடைய சிகிச்சைக்காகத்தான் என்று உங்கள் பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி எழுதி, அந்தத் தேதிகளின் டயாலிசிஸ் சீட்டு நகலை ரசீதோடு சேர்த்துக் கோர்த்துவிடுங்கள். நோட்டீஸ் வரைவை இங்கே போடுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு. பார்த்துத் திருத்தித் தருகிறேன்.