பங்குச் சந்தை இவ்வளவு ஆடுவதற்குப் பொருளாதாரம்தான் காரணமா?

மாறன்: பொருளாதாரம்தான் காரணம் என்பவர்கள் 1987 அக்டோபர் 19-க்கு விளக்கம் சொல்லட்டும். அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அவ்வளவு பெரிய சரிவுக்கு ஈடான செய்தி எதுவும் அன்று இல்லை. அடுத்த ஆண்டும் அமெரிக்கப் பொருளாதாரம் வளரத்தான் செய்தது.

கயல்: பங்கு விலை இன்றைய லாபத்தை மட்டும் பார்த்து வருவதில்லை, இனி வரப்போகும் எல்லா ஆண்டுகளின் ஈவுத்தொகையும், அதாவது நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகையும், அதில் அடக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு ஈவுத்தொகை 3, அது ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும், முதலீட்டாளர் கேட்கும் வருமானம் 8 சதவீதம் என்றால், 3-ஐ 8-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 3 சதவீதத்தால் வகுக்க, விலை 100. வளர்ச்சி 4 சதவீதம்தான் என்று தோன்றிவிட்டால் விலை 75. எந்த ஆலையும் மூடாமலே கால்வாசி போய்விடும்.

மாறன்: கணக்கு சரி. ஆனால் வளர்ச்சி நிரந்தரமாகக் குறையும் என்று எல்லோருக்கும் ஒரே வார இறுதியில் எப்படித் தோன்றும்? 1981-ல் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் இதைத்தான் சோதித்தார். பின்னாளில் உண்மையில் கிடைத்த ஈவுத்தொகையை வைத்து, விலை எவ்வளவு நகர்ந்திருக்க வேண்டும் என்று பார்த்தார். நிஜ விலை அதைவிடப் பல மடங்கு ஆடியிருந்தது.

கயல்: முதலீட்டாளர் கேட்கும் வருமானம் மாறாது என்று வைத்துக்கொண்டு வந்த முடிவு அது. பொருளாதார மந்தம் நெருங்கும்போது ரிஸ்க் எடுக்க யாரும் பழைய வருமானத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தை அளக்கும் விக்ஸ் குறியீடு 2008 நவம்பரிலும் 2020 மார்ச்சிலும் 80-ஐத் தாண்டி முடிந்தது. இரண்டுமே மந்த காலம்.

இளவேனில்: அப்புறம் ஏன் 2020 மார்ச் 23-லிருந்தே சந்தை ஏறியது? அமெரிக்காவில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியதே ஏப்ரலில்தான்.

கயல்: அந்த மந்தம் ஏப்ரலோடு முடிந்தது என்று பிறகு அதிகாரபூர்வமாகவே கணித்தார்கள். சந்தை முன்கூட்டியே சரியாகப் பார்த்திருக்கிறது.

மாறன்: 2020-ஐ ஒப்புக்கொள்கிறேன். 1987-ல் அதே சந்தை வராத மந்தத்தை அல்லவா பார்த்தது?

கயல்: வராமல் போனதற்குக் காரணம் உண்டு. தேவைப்படும் பணத்தைத் தரத் தயார் என்று அமெரிக்க மத்திய வங்கி மறுநாள் காலையே அறிவித்தது.

மாறன்: அது என் வாதத்துக்குத்தான் வலு. விலை இறங்க இறங்க எதிர்கால ஒப்பந்தங்களை (இன்று பேசிய விலைக்குப் பின்னொரு தேதியில் வாங்க, விற்க உடன்படுபவை) விற்கச் சொல்லும் 'போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்' அப்போது பெரிய நிதி நிறுவனங்களில் பரவியிருந்தது. ஒருவர் விற்றது அடுத்தவரை விற்க வைத்தது, எதிரே வாங்க ஆளில்லை. மத்திய வங்கி சரிசெய்தது சந்தையில் வறண்டுபோன பணப் புழக்கத்தை. ஈவுத்தொகையின் எதிர்காலத்தை அது தொடவே இல்லை.