'இயக்கி ஆதரவு' போதுமா? 'பேணுகாலம்' என்று ஒரு சொல்லை முன்வைக்கிறேன்

வணக்கம் நண்பர்களே,

மலிவு விலை வரைகலை அட்டைகளை (கிராபிக்ஸ் கார்டு) பற்றிய கட்டுரையில் 'டிரைவர் சப்போர்ட்' என்பதற்கு என்ன எழுதுவது என்று மூன்று நாளாக மடல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். 'இயக்கி ஆதரவு' என்று முடித்துவிடலாம் என்பதே பலரின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 'இயக்கி'யோடு எனக்குச் சண்டை இல்லை. தென்மாவட்டங்களில் இயக்கி என்றால் இசக்கியம்மன்தான் நினைவுக்கு வரும் என்று நெல்லை அண்ணாச்சி எழுதியிருந்தார். உண்மைதான், சிரித்துவிட்டேன். ஆனால் அம்மனுக்கும் அட்டைக்கும் குழப்பம் வரும் வாக்கியம் ஒன்றை அவராலேயே எழுதிக் காட்ட முடியாது என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'சாரதி'யும் அழகுதான், அங்கே பேருந்து ஓட்டுகிறவரும் சாரதியே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வரைகலை அட்டையைப் பொறுத்தவரை இந்த நிரல் எதையும் ஓட்டுவதில்லை. அது மொழிபெயர்க்கிறது. கணினி விளையாட்டு, டைரக்ட்எக்ஸ் அல்லது வல்கன் என்ற பொது மொழியில் ஒன்றைக் கேட்கும். அதை அந்தக் குறிப்பிட்ட சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது இயக்கியின் வேலை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த துபாஷி (மொழிபெயர்ப்புத் தரகர்) வேலை மாதிரி. துபாஷி திறமைசாலியாக இருந்தால் வியாபாரம் நடக்கும், இல்லாவிட்டால் சரக்கு நல்லதாக இருந்தும் பயனில்லை. அதற்காக 'துபாஷி' என்று பெயர் வைக்கச் சொல்லவில்லை. 'இயக்கி' பழகிவிட்டது, இருக்கட்டும்.

என் சிக்கல் 'ஆதரவு' என்ற சொல்லோடு.

சொந்தக் கதை ஒன்று. 2021இல், அட்டை கிடைக்காமல் ஊரே அல்லாடிய நேரத்தில், அக்கா மகனுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கினேன். பெட்டி பிரிக்காத புது அட்டை. "டிரைவர் சப்போர்ட் இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்ல சார்" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த அட்டை 2016 அக்டோபரில் அறிமுகமானது என்பதும், தட்டுப்பாட்டைச் சமாளிக்க என்விடியா அதை மறுபடி சந்தைக்கு அனுப்பியிருந்தது என்பதும் வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. பெட்டிதான் புதிது, உள்ளே இருந்த அட்டைக்கு அப்போதே ஐந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

2025 கோடையில் என்விடியா அறிவித்தது: மேக்ஸ்வெல், பாஸ்கல் (1050 டிஐ உள்ள ஜிடிஎக்ஸ் 10 வரிசை) வகை அட்டைகளுக்குப் புது விளையாட்டுகளுக்கேற்ப வரும் இயக்கிகள் அந்த அக்டோபரோடு நிற்கும், அதன்பின் 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். செய்தி தமிழில் எப்படி வந்தது? 'ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு ஆதரவு நிறுத்தம்.' பையன் பதறிப்போய் அழைத்தான்: "மாமா, அக்டோபரோட என் கார்டு செத்துடுமா?"

சாகாது. நேற்று ஓடிய விளையாட்டு நாளையும் அதே வேகத்தில் ஓடும். ஒரு சட்டகம்கூட (ஃபிரேம்) குறையாது. இனிமேல் வரப்போகும் விளையாட்டுக்காக யாரும் உட்கார்ந்து இயக்கியைச் செதுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் 'ஆதரவு நிறுத்தம்' என்ற சொற்களில் இது எங்கே இருக்கிறது? கூட்டணிக் கட்சி ஆதரவை வாபஸ் வாங்கினால் மறுநாள் ஆட்சி கவிழும். நம் காதில் அந்தச் சொல் அப்படித்தான் விழுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆங்கிலத்தில் 'சப்போர்ட்' என்ற சொல் மூன்று வேலை பார்க்கிறது. நாமும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றுக்கும் 'ஆதரவு' போடுகிறோம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் 199 டாலர் என்று சொல்லி வந்தது. அதில் வீடியோவைப் பதிவு செய்யும் என்கோடர் சில்லிலேயே கிடையாது. மதர்போர்டோடு பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடமும் நான்குதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை மட்டும் உள்ள மதர்போர்டில் செருகினால் நான்கு ஜிபி நினைவகம் நிறைந்தவுடன் மூச்சு வாங்கும். மலிவு அட்டை வாங்குகிறவரிடம் பழைய மதர்போர்டுதானே இருக்கும்! இதை 'வீடியோ பதிவுக்கு ஆதரவு இல்லை' என்று எழுதினால், என்றாவது ஓர் இயக்கிப் புதுப்பிப்பில் வந்துவிடும் என்று வாசகர் காத்திருப்பார். வராது. தமிழில் இதற்கு நல்ல சொல் வீட்டிலேயே இருக்கிறது: 'கிடையாது.' வன்பொருளில் இல்லாததற்கு 'கிடையாது' என்றும், அட்டையால் இயலாததற்கு 'முடியாது' என்றும் எழுதிவிட்டுப் போகலாம். கலைச்சொல்லே தேவையில்லை.

ஆகவே நமக்குச் சொல் வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: தயாரிப்பாளர் இயக்கியைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ளும் அந்தக் காலத்துக்கு. அதற்கு வந்த சொற்களைப் பார்ப்போம்.

'ஆயுட்காலம்' சரிவராது. மேலே சொன்ன காரணம்தான், அட்டை சாவதில்லை. 'உத்தரவாதக் காலம்' வாரண்டிக்குப் போய்விட்டது, அது வாங்கிய நாளிலிருந்து கணக்கு. நாம் பேசுவது அறிமுகமான நாளிலிருந்து ஓடும் கணக்கு. மலிவு அட்டை வாங்குகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விலையுயர்ந்த அட்டையை வந்த மாதமே வாங்குகிறார்கள். மலிவு அட்டை வருடக்கணக்கில் கடையில் கிடந்து விற்கும். என்விடியாவின் பழைய கெப்லர் வகையைச் சேர்ந்த ஜிடி 710ஐ, 2021இல் கெப்லருக்கான புது இயக்கிகளை நிறுத்தும் வரைக்கும்கூடப் புதிதாக விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவருக்குக் கிடைப்பது கவனிப்பின் வால் பகுதி மட்டும்.

'பராமரிப்புக் காலம்' என்று மட்டுறுத்துநர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் 2025 அக்டோபர் கடைசியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏஎம்டி தன் 25.10.2 இயக்கியை வெளியிட்டபோது ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளைத் தனிக் கிளைக்கு மாற்றியது. அந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் நேர்ப்பொருளில் 'பராமரிப்பு நிலை'. பெரிய கூச்சல் எழுந்தது. பிறகு, இல்லை இல்லை, புது விளையாட்டுகளுக்கான வேலையும் தொடரும் என்று விளக்கம் கொடுத்தார்கள். மேலே சொன்ன 6500 எக்ஸ்டிக்கு அப்போது நான்கு வயதுகூட ஆகவில்லை, கூச்சல் வராமல் என்ன செய்யும்? ஆக 'பராமரிப்பு' என்பது முழுக் கவனிப்புக்கான சொல்லாக அல்ல, கவனிப்பு குறைந்த நிலைக்கான சொல்லாக அந்தத் துறையில் ஊன்றிவிட்டது. தவிரவும், 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி' என்று படித்தாலே நமக்குக் காலை ஒன்பது மணி மின்தடைதான் ஞாபகம் வரும்.

இதற்கு நான் முன்வைப்பது: பேணுகாலம்.

ஊறுகாய், சுடுசோறு மாதிரி இது வினைத்தொகை. பேணிய காலம், பேணுகின்ற காலம், பேணும் காலம் மூன்றும் அதற்குள் அடங்கும். வீம்புக்காக இலக்கணம் பேசவில்லை. அட்டை வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வியே அதுதானே? ஏற்கெனவே எவ்வளவு கழிந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி. '1050 டிஐயின் பேணுகாலத்தில் ஐந்தாண்டு கடையிலேயே கழிந்துவிட்டது' என்று எழுதினால் அக்கா மகனுக்கும் புரியும், எனக்கும் அன்றைக்கே புரிந்திருக்கும்.

பேணுகாலத்துக்குள் இரண்டு நிலைகள். புது விளையாட்டுகளுக்காக இயக்கி மாறிக்கொண்டே இருப்பது 'வளர்நிலை'. ஓட்டை மட்டும் அடைப்பது 'காப்புநிலை'. முன்னதும் வினைத்தொகைதான், பின்னது அப்படி அமையவில்லை, அதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் மகிழ்ச்சி.

வளர்நிலை என்ற சொல் எனக்குத் தோன்றியது இன்டெல் ஆர்க் அட்டைகளைப் பார்த்துத்தான். 2022இல் அவை வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 விளையாட்டுகளுக்கு நேரடி வழியே இல்லை. கட்டளைகளைப் பன்னிரண்டாம் பதிப்புக்கு மாற்றி ஓட்டினார்கள். பழைய விளையாட்டுகள், அதாவது எந்த அட்டையிலும் ஓட வேண்டியவை, இதில் திணறின. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த இயக்கியில் அந்த வழியை மாற்றினார்கள், வேகம் கணிசமாகக் கூடியது. அட்டையில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. முதல் மாதத்து மதிப்புரையைப் படித்து 'வேண்டாம்' என்று முடிவெடுத்தவர்களும் சரி, 'வளரும்' என்று நம்பி வாங்கியவர்களும் சரி, இருவருமே நியாயமானவர்கள்தான். அதே நிறுவனத்தின் பி580 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபியோடு வந்தது. நல்ல அட்டை, ஆனால் பழைய பிராசஸரோடு சேர்த்தால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. இயக்கியே பிராசஸரின் நேரத்தை அதிகம் தின்றது. இதை 'இயக்கிச் சுமை' என்று சொல்லிவிடலாம், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்து, காலம் முடிந்தபின் மிஞ்சும் இயக்கிக்கு 'மரபு இயக்கி' என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மரபு என்றால் நமக்குப் போற்ற வேண்டியது. ஆங்கிலத்தில் 'லெகசி' என்கிறவர்களோ அதன் கழுத்தில் மாலை போட்டு ஓரமாக உட்காரவைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் 'முதுச இயக்கி' என்றார். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் முதுசம் என்பது பெற்றோர் வழி வந்த சொத்து; மூலச்சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான மொழிபெயர்ப்பு இருக்க முடியாது, துல்லியமாக இருப்பதுதான் தொல்லை. முதுசக் காணியை விற்பதென்றால் வீட்டில் சண்டை வரும். 2021இல் ஏஎம்டி, ஜிசிஎன் என்ற வடிவமைப்பின் முதல் மூன்று தலைமுறை அட்டைகளைக் கைவிட்டபோது, அதில் 2015இல் வந்த ஃபியூரி எக்ஸ் அட்டையும் போனது. அதை யாரும் முதுசமாகக் கொடுக்கவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். 'ஓய்வுநிலை இயக்கி' எனக்குப் பிடித்திருந்தது, ஈழத்து 'ஓய்வுநிலை அதிபர்' (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்) மாதிரி. ஆனால் அட்டை சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரத்தை 'ஓய்வு நிலையில் இத்தனை வாட்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோமே, இரண்டும் மோதும். 'கைவிட்ட இயக்கி' என்று நேராகவே எழுதலாமே. கசப்பாக இருந்தால் இருக்கட்டும்.

லினக்ஸ்காரர்கள் ஒரு திருத்தம் சொல்வார்கள், அதை நானே சொல்லிவிடுகிறேன். யார் பேணுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பேணுகாலம் முழுமையாகும். ஏஎம்டி விண்டோசில் கைவிட்ட அதே ஜிசிஎன் அட்டைகளுக்கு, மேசா என்ற திறந்தமூல வரைகலைத் தொகுப்பில் உள்ள ஆர்ஏடிவி இயக்கி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதில் வால்வ் நிறுவனத்துக்காக வேலை செய்யும் நிரலாளர்களின் பங்கு பெரிது. மூலநிரல் திறந்திருப்பதால் நடக்கிறது. அதே லினக்சில் பாஸ்கல் வைத்திருப்பவருக்கு என்விடியாவின் 580 வரிசை இயக்கியோடு கதை முடிந்தது. 590 வந்தவுடன் ஆர்ச் லினக்ஸ்காரர்கள் பழைய தொகுதியைத் தேடிப் போட வேண்டியிருந்தது. ஆகவே கட்டுரையில் 'பேணுகாலம் (விண்டோஸ்)', 'பேணுகாலம் (லினக்ஸ்)' என்று இரண்டு பத்தி இருப்பது நல்லது.

என் வாதம் இவ்வளவுதான். திட்டிக்கொள்ளலாம், ஆனால் 'ஆதரவு' மட்டும் வேண்டாம்.

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சியின் தனிமடல் வந்துவிட்டது. நேற்று ஒரு வரி அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தேன். 'தம்பி, பேணுகாலம்னு வேகமா வாசிச்சா பேறுகாலம்னுல்லா இருக்கு? அட்டைக்கு மகப்பேறு விடுப்பு கொடுக்கப் போறீயளா?' என்று கேட்கிறார். இது எனக்குத் தோன்றவே இல்லை. 'பேணல் காலம்' என்று பிரித்தால் தப்பிக்கலாம், ஆனால் வினைத்தொகை போய்விடும். அதை இழக்க எனக்கு மனமில்லை. தலைப்பில் 'இயக்கிப் பேணுகாலம்' என்று முழுதாக எழுதிவிட்டு, உள்ளே சுருக்கிக்கொள்ளலாமா? திரையில் சின்ன எழுத்தில் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.