சீனியர் டெஸ்டர் நேர்காணல்: ரெஸ்யூமில் ஆண்டுகளைக் கூட்டிப் போடலாமா, எதற்குத் தயாராவது?

அவிநாசிக்காரர்:
வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்து தரும் சிறு நிறுவனம் ஒன்றில் டெஸ்டராகத் தொடங்கி, இப்போது பீளமேட்டில் வேறோர் இடத்தில் பணிபுரிகிறேன். மொத்தம் ஒன்பது ஆண்டு அனுபவம். சரவணம்பட்டியில் ஒரு நிறுவனத்தின் சீனியர் டெஸ்டர் பணிக்கு நண்பர் ஒருவர் மூலம் ரெஃபரல் கிடைத்திருக்கிறது. ரெஸ்யூமை இனிமேல்தான் அனுப்ப வேண்டும். முதலில் ஹெச்ஆர் பேசுவார், அடுத்து தொழில்நுட்ப நேர்காணல், பிறகு லேப்டாப்பில் செய்துகாட்ட வேண்டிய ஒரு சுற்று, கடைசியில் மேலாளருடன் பேச்சு என்று அந்த நண்பர் சொன்னார்.

என் அனுபவத்தில் பெரும்பகுதி மேனுவல் டெஸ்டிங், அதாவது கையால் இயக்கிச் சோதிப்பது. பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் கருவியில் ஜாவா கோடு எழுதத் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தாம் ஆகின்றன, ஆனால் அவர்கள் ஆட்டோமேஷனில் ஐந்து ஆண்டு கேட்கிறார்கள். ஐந்து என்றே போட்டுவிடச் சொல்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போதைய வேலையில் நோட்டீஸ் 90 நாட்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணபதி மூத்தவர்:
தம்பி, ஐந்து என்று போடாதீர்கள். நானும் பல ஆண்டுகளாக நேர்காணல் எடுக்கிறேன். அந்தப் பொய் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. "ஒரே டெஸ்ட் நேற்று பாஸ் ஆனது, இன்று ஃபெயில் ஆகிறது, கோடில் யாரும் கை வைக்கவில்லை, என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்பேன். திரெட் ஸ்லீப்பில் (டெஸ்டைக் குறிப்பிட்ட நொடிகள் சும்மா நிறுத்திவைக்கும் கட்டளை) இன்னும் சில நொடிகளைக் கூட்டுவேன் என்பவர் ஆட்டோமேஷனில் அதிக நாள் உழலவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். எக்ஸ்பிளிசிட் வெயிட் (எதிர்பார்க்கும் நிலை வரும்வரை மட்டும் காத்திருப்பது) எங்கே இல்லை, இரண்டு டெஸ்ட்கள் ஒரே டேட்டாவைத் தொடுகின்றனவா, தனியாக ஓட்டினால் பாஸ் ஆகிறதா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருபவர் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் எனக்குப் போதும்.

உங்கள் உண்மையான பலம் திருப்பூரில் இருக்கிறது, அதை ரெஸ்யூமின் ஒரு மூலையில் ஒற்றை வரியாக ஒதுக்கிவிடாதீர்கள். இ-வே பில்லை, அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணு ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பில் வேண்டும் என்று தேவைக் குறிப்பில் ஒரு வரி இருக்கும். ஜூனியர் 49,999, 50,000, 50,001 என்று மூன்று எண்களைப் போட்டுப் பார்த்து முடித்துவிடுவார். நீங்களோ அந்த மதிப்பு வரியையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்தவர். கோழிக்கோட்டுக்கு 48,000 ரூபாய்க்குப் போகும் பனியன் 5 சதவீத ஜிஎஸ்டியோடு 50,400 ஆகிவிடும், பில் இல்லாமல் வண்டி கிளம்பினால் வாளையாறு எல்லையில் நிற்க வேண்டியதுதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு வரம்பு 1,00,000 ரூபாய். வேறு மாநிலத்துக்கு ஜாப் வொர்க்குக்கு (கூலிக்குச் செய்துதரும் வேலை) அனுப்பும் துணிக்கோ மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பில் உண்டு. ஒரு வரித் தேவைக்குள் இத்தனை கிளைகள் இருப்பதைக் கண்டு, அவற்றில் எது தவறினால் வாடிக்கையாளருக்கு நட்டம் அதிகம் என்று வரிசைப்படுத்திச் சொல்பவரைத்தான் சீனியர் இடத்துக்குத் தேடுகிறோம்.

ஈரோட்டு டெஸ்டர்:
மூத்தவர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். துறை அறிவு இருக்கிறது என்ற நம்பிக்கையில் கோடைத் தள்ளிவைத்துவிட வேண்டாம், அண்ணா. சில மாதங்களுக்கு முன் இதே போன்ற தேர்வில் கலந்துகொண்டேன். செய்துகாட்டும் சுற்றில் புதிதாக எழுதச் சொல்லவில்லை; வேறொருவர் எழுதிய செலினியம் கோடைக் கொடுத்துக் குறைகளைச் சொல்லச் சொன்னார்கள். இம்ப்ளிசிட் வெயிட்டும் (எல்லாத் தேடலுக்கும் பொதுவாக வைக்கும் காத்திருப்பு) எக்ஸ்பிளிசிட் வெயிட்டும் கலந்து கிடந்தன, லொக்கேட்டர்கள் (திரையில் பொத்தான், பெட்டிகளைக் கண்டுபிடிக்கும் குறிப்புகள்) ஒவ்வொரு டெஸ்டிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன, ஒரு டெஸ்டில் அசெர்ட்டே (விளைவு சரியா என்று சரிபார்க்கும் வரி) இல்லை. அசெர்ட் இல்லாத டெஸ்ட், விளைவு தவறாக இருந்தாலும் பச்சையாக, அதாவது பாஸ் என்றே காட்டலாம் என்பதால் அதைத்தான் முதலில் சொன்னேன். அதன் பிறகே பேச்சு சூடுபிடித்தது.

ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) பற்றியும் நிச்சயம் கேட்பார்கள். 401, 403 என்ற பிழைக் குறியீடுகள் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடமாக அல்லாமல் ஒரு காட்சியாகச் சொல்லுங்கள்: லாகின் டோக்கன் காலாவதியான கணக்காளருக்கு 401 வர வேண்டும், லாகின் செய்திருந்தும் சம்பளப் பட்டியலைப் பார்க்க உரிமை இல்லாத கிடங்கு ஊழியருக்கு 403 வர வேண்டும். தரவுத்தள அட்டவணைகளை இணைத்துப் பார்க்கும் எஸ்கியூஎல் ஜாயினும் கையில் இருக்கட்டும். கணினியைத் தொடுவதற்கு முன், இதை யார் பயன்படுத்துவார்கள், எந்தப் பகுதி அண்மையில் மாறியது என்று கேளுங்கள். கேள்விகளையும் அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

சூலூர் ஹெச்ஆர்:
நோட்டீஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஹெச்ஆர் பேசும் முதல் அழைப்பிலேயே 90 நாட்கள் என்று சொல்லிவிடுங்கள். கடைசிச் சுற்றில் சொன்னால்தான் சிக்கல். பைஅவுட் (நோட்டீஸ் நாட்களுக்குப் பதில் பணம் கட்டி முன்னதாக விலகுவது) உண்டா, அந்தத் தொகையை யார் தருவார்கள் என்பது ஆஃபர் லெட்டரில் எழுத்தில் இருக்க வேண்டும், அது கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்கவே கூடாது. பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினரின் நிரந்தரக் கணக்கு எண்) பணி வரலாற்றை ரெஸ்யூம் தேதிகளோடு ஒப்பிடுகிறார்கள். திருப்பூர் நிறுவனம் உங்கள் விலகல் தேதியைப் பதிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விடுபட்டிருந்தால், விலகி இரண்டு மாதங்களுக்கு மேலாகிவிட்டபடியால் நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம்.

அவிநாசிக்காரர்:
மூவருக்கும் நன்றி. யுஏஎன் பார்த்தேன், திருப்பூர் நிறுவனத்தின் விலகல் தேதி காலியாகத்தான் இருக்கிறது, இன்றே பதிகிறேன். டெஸ்டர்களுக்கான ஐஎஸ்டிகியூபி அடிப்படைச் சான்றிதழ் இல்லாதது குறையாகுமா?

கணபதி மூத்தவர்:
இந்த நேர்காணலுக்காக அவசரப்பட்டு எழுத வேண்டாம். 40 கேள்விகள், 26 சரியானால் தேர்ச்சி. உங்கள் அனுபவத்துக்கு அது பெரிய காரியமில்லை, பிறகு எழுதிக்கொள்ளலாம். அதற்குச் செலவிடும் நேரத்தில், நீங்கள் பிடித்த பிழைகளில் மிக முக்கியமான ஒன்றை எப்படிக் கண்டீர்கள், டெவலப்பர் மறுத்தபோது எதைக் காட்டி ஏற்க வைத்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். மேலாளர் சுற்றில் அதைத்தான் கேட்பார்கள்.